துரைக்குக் கண் தெரியாது

அண்ணன் வீட்டுக்கு வந்த இடத்தில் சோபாவை ஒரு முழம் தள்ளிப் போட்டேன். அவ்வளவுதான். அதற்கு அண்ணி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, அதை ஏம்மா நகர்த்தினே? துரைக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னேனே!"

துரை வேறு யாருமில்லை, வீட்டுப் பூனை. பதினாறு வயசுக் கிழம். பல் பாதி கொட்டிவிட்டது, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, கிட்னியும் சரியில்லையாம். மீனை முள் எடுத்து மசித்து, மருந்தைக் கலந்து, அண்ணி விரலால் ஊட்டுவாள். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவள் இப்படி ஊட்டி நான் பார்த்ததில்லை.

"சுவரோரமா போட்டா ஹால் விசாலமா இருக்குமேன்னு பாத்தேன் அண்ணி."

"விசாலம் யாருக்கு வேணும்? இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

திரும்ப இழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனாள்.

என் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். ஆயுசு முழுக்க ரயில் ஓட்டியவன். எந்தப் பனியிலும் ஒரு சிக்னலைத் தவறவிட்டதில்லை என்று எங்கள் வீட்டில் எல்லோருக்குமே பெருமை. அப்பேர்ப்பட்டவன் இப்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாள் முழுக்க அண்ணியின் வர்ணனைதான்.

"துரை, பாத்ரூம் வாசல் ஈரமா இருக்கு, நிதானமா போங்க."

"துரை, ஸ்டூல் மேல டீ வெச்சிருக்கேன், வலது பக்கம். கொதிக்குது, ஜாக்கிரதை."

"பூனைக்கு எதுக்கு அண்ணி டீ சமாச்சாரம்?"

"தட்டிவிட்டு மேல கொட்டிக்கும்மா."

இது போதாதென்று படிகளின் விளிம்பில் பட்டை பட்டையாக மஞ்சள் டேப்.

"கண்ணே தெரியாததுக்கு டேப் எதுக்காம்?"

"பளிச்சுன்னு இருந்தா லேசா தெரியுமாம்."

அண்ணனிடம் திரும்பினேன். "ஏண்ணா, இது உன் வீடா, பூனை வீடா?"

"அதோட வீடுதாம்மா. நாங்க ரெண்டு பேரும் குடியிருக்கோம்" என்று சிரித்தான்.

சிரிக்கிறானே என்று இன்னும் எரிச்சலாக இருந்தது.

மதியம் அண்ணன் சற்றுப் படுத்தான். துரை ஜன்னல் மேடையில் உட்கார்ந்திருந்தது. கண்ணாடிக் கதவு இறுக்க மூடியிருந்தது. வெளியே துணி காயப்போடும் கம்பியில் ஒரு சிட்டுக்குருவி. அது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தாவியது. துரையின் தலை கூடவே திரும்பியது. குருவி இறங்கிப் பூந்தொட்டியில் உட்கார்ந்தது. துரையின் தலையும் இறங்கியது. ஒரு சத்தமும் உள்ளே கேட்கவில்லை. கிழத்துக்கு மீசை மட்டும் துடித்தது.

அடப்பாவி!

விடுவிடுவென்று அடுப்படிக்குப் போனேன். "அண்ணி, உங்க துரைக்குக் கண்ணு ஜம்முனு தெரியுது. குருவி போற பக்கமெல்லாம் பாக்குது! எதுக்கு இந்த நாடகம்?"

அண்ணி சட்டென்று கதவைச் சாத்தினாள்.

"மெதுவா பேசும்மா. கண்ணு தெரியாதது அதுக்கு இல்லே."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டேன்.

"அண்ணனுக்கா?"

"கொஞ்சம் கொஞ்சமா மங்கிட்டு வருது. இனிமே வைத்தியம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். என்கிட்ட மூச்சு விடலே. செருப்பைத் தடவித் தடவித் தேடறதைப் பாத்துட்டு நானே போய் அந்த டாக்டரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணை நம்பியே பொழைச்ச மனுஷன். அவர்கிட்ட போய் 'பாத்து நடங்க'ன்னு நான் எந்த வாயால சொல்வேன்? அதான் பூனைகிட்ட சொல்றேன். அவர் காதுல விழுந்தா சரி. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாது. நீ உளறி வெச்சிடாதே."

ஒரு மனுஷி இப்படியெல்லாம் யோசிப்பாளா! இவளையா காலையிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்?

அண்ணன் எழுந்து வந்தான். இப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தேன். சோபா, ஸ்டூல், அலமாரி, எதிலும் இடித்துக்கொள்ளாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ராஜா மாதிரி ஹாலைக் கடந்தான். அந்த நடையில் ஒரு தடுமாற்றம் இல்லை. ஒரு வீட்டையே அவனுக்காக அசையாமல் பிடித்து வைத்திருக்கிறாள் அண்ணி.

நான் கிளம்பும்போது அண்ணன் வாசல்வரை வந்தான்.

"துரை, வாசல்ல பெட்டி இருக்கு, இடது பக்கமா போங்க" என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல். துரை அவள் மடியில்தான் இருந்திருக்கும். அண்ணன் இடது பக்கமாக ஒதுங்கி வந்தான்.

"என்னம்மா, அடுப்படியில கதவைச் சாத்திக்கிட்டு ஒரே ரகசியம்?" என்றான் தணிந்த குரலில். "பூனைக்குக் கண்ணு தெரியும்னு கண்டுபிடிச்சிட்டியா?"

"அண்ணா! உனக்கு..."

"கண்ணு தெரியாத பூனை, சோத்தை விட்டுட்டு என் தட்டுல மீனை மட்டும் குறி பாத்து எடுக்குமா? ஆரம்பத்துலேயே தெரிஞ்சுபோச்சு. அவ யாருக்குச் சொல்றான்னும் தெரிஞ்சுபோச்சு."

"அப்போ அண்ணிகிட்ட சொல்லிட வேண்டியதுதானே? ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மறைக்கணும்?"

அண்ணன் உள்பக்கமாகக் காது கொடுத்தான். அண்ணி பூனையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம்மா. என்கிட்ட நேரா சொல்ல ஆரம்பிச்சா அழுதுடுவா. பூனைகிட்ட சொல்லும்போதுதான் சிரிச்சுக்கிட்டே சொல்றா."