நாற்பத்தோராயிரம் பாட்டும் ஒரே பாடகரும்

திங்கட்கிழமை காலைச் செய்தி முடிந்ததும் வானொலியில் ஒரு தாலாட்டு ஒலித்தது. பாடியவர் ஒகியுரா தெஸ்சோ என்றார் அறிவிப்பாளர். அடுத்து வந்த ஆங்கிலப் பாட்டுக்கும் அவர் முன்னிருந்த திரையில் அதே பெயர். மூன்றாவதாக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடிய பாட்டுக்கும் அதே பெயர் வந்தபோது அவர் ஒலிவாங்கியை அணைத்தார்.

ஜப்பானின் குரே துறைமுகத்திலிருந்த அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் நாற்பத்தோராயிரம் பாட்டுகள் இருந்தன. அத்தனைக்கும் பாடகர் ஒரே ஆளாகியிருந்தார். அவரோ மீனவர் பாட்டுப் பாடியவர், செத்து இருபது வருஷம் ஆகிறது.

பாட்டுகளின் விவரத்தைத் திருத்தும் மென்பொருளைச் செய்து விற்ற அகாகி, ஹிரோஷிமாவிலிருந்து அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கினான். மூன்று பேர் நடத்தும் கம்பெனி. தப்பு தன் பக்கம் என்றால் இழுத்து மூட வேண்டியதுதான்.

கணினியில் பதிவைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது.

"சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு இருபதுக்கு ஒருத்தர் எல்லாப் பாட்டையும் ஒண்ணாத் தேர்வு பண்ணி, பாடகர் இடத்துல இந்தப் பேரைப் போட்டுச் சேமிச்சிருக்காங்க. மென்பொருள் சொன்னதைச் செஞ்சிருக்கு. நீமிங்கற பேர்ல நுழைஞ்சிருக்காங்க."

நிலையத் தலைவர் தோமரி திரும்பிப் பார்த்தார். நூலகப் பொறுப்பாளர் நீமி முன்னால் வந்து இடுப்பு வளையக் குனிந்தாள்.

"நான்தான் செஞ்சேன். மன்னிச்சிடுங்க."

"இருபத்திரண்டு வருஷ அனுபவம். உங்ககிட்டயிருந்து இப்படியா நீமி சான்?" என்றார் தோமரி.

அகாகி விடவில்லை. "சேமிக்கிறதுக்கு முன்னாடி 'நாற்பத்தோராயிரம் பாட்டு மாறப் போகுது, சம்மதமா'ன்னு திரை முழுக்கச் சிவப்புல எச்சரிக்கை வருமே. கண்ணை மூடிக்கிட்டா பொத்தானை அமுக்கினீங்க?"

நீமி மறுபடி குனிந்தாள்.

அடுத்த மாதத்திலிருந்து அவள் வரவேற்பு மேஜைக்குப் போக வேண்டும் என்று தோமரி சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை எடுத்து வைத்த நகலிலிருந்து அகாகி பாட்டுகளை மீட்க ஆரம்பித்தான். பக்கத்து மேஜை ஊழியர் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"பாவம், சனிக்கிழமை நாள் சரியில்லை நீமி சானுக்கு. மதியம் முழுக்கப் பல் டாக்டர்கிட்ட உக்காந்திருந்தாங்க. அதோட இது வேற."

அவர் போனதும் அகாகி எழுந்து போய் நீமியைத் தனியாக அழைத்தான்.

"பன்னிரண்டு இருபதுக்கு நீங்க இங்கேயே இல்லை. யாருக்காகப் பொய் சொல்றீங்க?"

"அறிக்கையில அதை மட்டும் எழுதாதீங்க அகாகி சான்."

"தப்புப் பண்ணினவங்க ஒளிஞ்சிக்கிறாங்க, நீங்க தலையைக் குடுக்கிறீங்க. அந்த மாதிரி ஆளை வேலைக்கு வெச்சிருக்கறதே தப்பு."

"அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லல."

நீமி கடைசி அறையின் கதவை மெல்லத் திறந்தாள். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு விசைப்பலகையில் மளமளவென்று தட்டிக்கொண்டிருந்தாள். திரை அணைந்திருந்தது. சுவரோரம் ஒரு வெள்ளைக் கைத்தடி.

அகாகி கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"சினோ. பாட்டுக் கடையில இருந்தவ. ரெண்டு வினாடி கேட்டா யார் பாட்டுன்னு சொல்லிடுவா. மூணு மாசத் தற்காலிக வேலை, அதனால என் பேர்லதான் நுழையறா. பார்வை இல்லாதவங்களுக்கு இது சரிவராதுன்னு தலைவர் சொன்னார், நான்தான் கெஞ்சிச் சேர்த்தேன். வெச்சுக்கறதா வேணாமான்னு இந்த மாசக் கடைசியில முடிவு பண்ணுவாங்க. பன்னிரண்டு பாட்டைத்தான் தேர்வு பண்ணினா. பேர் போடறதுக்குள்ள தேர்வு தானா மாறி எல்லாப் பாட்டுக்கும் போயிடுச்சு."

"எச்சரிக்கை?"

"கணினி அவளுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டும். உங்க எச்சரிக்கையை மட்டும் படிக்கல. காலையில மூணு தடவை செஞ்சு பார்த்துட்டேன். அது எழுத்து இல்லை, படம்."

படமாக வைத்தால் அழகாக இருக்கும் என்று தீர்மானித்தவன் அகாகிதான்.

நேராகத் தோமரியின் அறைக்குப் போனான்.

"சோதிச்சுப் பார்த்தேன். தேர்வு தானா மாறுது, எச்சரிக்கையும் சரியா வரலை. தப்பு எங்களோடது. நீமி சானை இடம் மாத்தாதீங்க. மன்னிப்புக் கடிதம் நான் எழுதறேன்."

"இப்படி ஒத்துக்கிற ஆளை நான் பார்த்ததில்லை" என்று தோமரி எழுந்து நின்று குனிந்தார். இடமாற்றம் ரத்தாயிற்று.

வெளியே வந்தபோது அகாகிக்கு மனசு லேசாக இருந்தது. கம்பெனிக்குக் கெட்ட பெயர்தான், போகட்டும். ரெண்டு பேர் பிழைப்பைக் காப்பாற்றியாயிற்று.

கடைசி அறைக்குப் போய், தான் யார் என்பதைச் சினோவிடம் சொன்னான்.

"எச்சரிக்கை உங்களுக்குக் கேக்கற மாதிரி இந்த வாரமே மாத்திடறேன். முன்னாடியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே செஞ்சிருப்பேன்."

சினோ முகம் மலர்ந்து, குரல் வந்த பக்கம் எழுந்து குனிந்தாள்.

"அகாகி சான் நீங்கதானா? போன மாசம் இதைப் பத்தி எழுதினேனே. 'உங்களைப் போன்ற ஓரிருவருக்காக மாற்ற இயலாது'ன்னு பதில் போட்டீங்க. பரவாயில்லை, மத்த கம்பெனிக்காரங்க பதிலே போடலை."