பரீட்சைக்கு வராத கேள்வி

"சார், அந்தக் கப்பலுங்க திரும்பி ஊர் போய்ச் சேர எத்தினி நாளாச்சு?"

இளங்கோவன் சாக்பீஸைக் கீழே வைத்தார். கேட்டது அம்பிகா. வேறு யார் கேட்கப் போகிறார்கள்?

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து, மேல்நிலைத் தேர்வைத் தனியாக எழுதும் எட்டுப் பேருக்கு அவர் அங்கே வரலாறு நடத்தினார். பாதிப் பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் பையன்கள். அம்பிகா லைட்ஹவுஸ் குப்பத்து மருமகள். வயது இருபத்தாறு இருக்கும். இரண்டு மாதம் முன்பு தானாகவே வந்து சேர்ந்தாள்.

"வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோடு வந்தார். நமக்கு அது போதும். திரும்பிப் போனதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா."

"பரவால்ல சார், சொல்லுங்க."

இதுதான் அவருக்குத் தலைவலி. போர்ச்சுக்கீசியர் எதற்கு வந்தார்கள் என்று கேட்டால் முழிப்பாள். டச்சுக்காரர்கள் இதே ஊரில் கோட்டை கட்டிய வருஷத்தைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள். ஆனால் கப்பல் என்ற பேச்சு எழுந்தால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். எந்தக் காற்றில் போனார்கள், குடிதண்ணீர் தீர்ந்தால் என்ன செய்தார்கள், திசை தப்பினால் எந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. கேட்கும்போது அந்த முகத்தில் அப்படி ஓர் ஏக்கம். அதில் கால்வாசியைப் பாடத்தில் காட்டினால் இவள் மாவட்டத்திலேயே முதலாக வரலாமே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"போன வாரத் தேர்வில் இருபத்தஞ்சுக்கு நாலு வாங்கியிருக்கே. பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள்தான். இந்தக் கப்பல் கதையெல்லாம் உனக்கு எதுக்கு?"

"எங்க வூட்டுக்காரரு வந்தா சொல்லணும் சார். அவருக்கு இந்த மாதிரின்னா உசுரு."

ஓகோ, கடலுக்குப் போன மனுஷன் கரை ஏறியதும் பெண்டாட்டியிடம் கதை கேட்கிறாரா என்று இளங்கோவன் நினைத்துக்கொண்டார். பையன்கள் யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசை லோகேஷ் நோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"சரி, கேட்டுக்கோ. 1497 ஜூலையில் கிளம்பினார்கள். திரும்பி லிஸ்பன் போய்ச் சேரும்போது 1499. இரண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா?"

"திரும்பும்போது கிட்டத்தட்ட மூன்று மாதம் எதிர்க்காற்றில் கடல் நடுவிலேயே கிடந்தார்கள். பாதிக்கு மேல் செத்துப்போனார்கள்."

"மீதிப் பேரு வந்துட்டாங்க இல்ல சார்?"

"வந்துவிட்டார்கள்."

"அதுவரைக்கும் வூட்ல இருந்தவங்க இன்னா பண்ணாங்க?"

"அதை எவனும் எழுதி வைக்கலையேம்மா."

அவள் இரண்டு வருஷத்தை நோட்டில் எழுதி, கீழே மூன்று கோடு போட்டாள். "இது புக்குல கீதா சார்?"

"பாடப் புத்தகத்தில் இல்லை. நூலகத்திலிருந்து நான் எடுத்திருக்கும் பெரிய புத்தகத்தில் தேதி வாரியாக இருக்கு."

அம்பிகா சட்டென்று எழுந்து நின்றாள். "சார், நாளைக்குக் காலைல அத்த எடுத்துனு எங்க குப்பத்துக்கு வரீங்களா? ஊர்ப் பெரியவங்க கூடிப் பேசறாங்க. என் விஷயமாத்தான். நான் சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டேன்றாங்க. படிச்சவரு நீங்க, சொன்னீங்கன்னா கேப்பாங்க."

இளங்கோவனுக்குச் சங்கடமாகிவிட்டது. பாவம், புகுந்த வீட்டில் படிப்புக்குத் தடை போடுகிறார்கள், அதற்கு ஊரையும் கூட்டியிருக்கிறார்கள். நாலு மார்க் வாங்கினாலும் அவள் தன் மாணவி. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினார். பெண் கல்வியைப் பற்றிப் பேச வேண்டியதை பஸ்ஸிலேயே மனதுக்குள் அடுக்கிக்கொண்டார். கலங்கரை விளக்கத்தைத் தாண்டி மணலில் நடந்து போனபோது, கரையேறிய படகுகளுக்கு இந்தப் பக்கம் சின்னதாக ஒரு பந்தல் தெரிந்தது. அதன் நிழலில் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். நடுவில் அம்பிகா. இவரைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"வாங்க சார்" என்றார் ஊர்த் தலைவர் செங்கல்வராயன். "எங்க சார் வந்து சொல்லட்டும்னு காலைலேர்ந்து ஒரே பிடியா நிக்குது இந்தப் பொண்ணு. நாங்களும் இது நல்லதுக்குத்தான் பேசறோம்."

இளங்கோவன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐயா, அம்பிகா நல்ல பெண். இன்னும் பதினைந்து நாள் பொறுத்தால் பரீட்சை முடிந்துவிடும். இந்த நேரத்தில் படிப்பை நிறுத்துவது..."

செங்கல்வராயன் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "படிப்பை யாரு சார் நிறுத்தச் சொன்னது? எவ்ளோ வேணாலும் படிக்கட்டும்."

இளங்கோவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்பிகா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடித்தாள்.

"அது இல்ல சார், அந்த ரெண்டு வருசம் கழிச்சு கப்பல் வந்துச்சே, அந்தப் பக்கத்தப் படிங்க. எங்க வூட்டுக்காரரு போன படகு காணாமப் போயி பதிமூணு மாசந்தான் சார் ஆவுது, அதுக்குள்ள என் தாலியக் கழட்டப் பந்தல் போட்டுட்டாங்க."