வழி தெரியாத காவலர்

மூன்றாவது முறையாகவும் ஊய்செப் வழியைத் தவறவிட்டார்.

"இந்தப் பாறையை நேத்தே பார்த்துட்டோம், பெரியவரே. நம்ம மூஞ்சியப் பார்த்து அதுக்கே சலிச்சுப்போயிருக்கும்" என்றார் ஷிகோங்கோ, தலைநகர் விண்டூக்கிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரர்.

"எல்லாப் பாறையும் ஒரே மாதிரிதானே சார் இருக்கு" என்று தலையைச் சொறிந்தார் ஊய்செப். வனவிலங்குப் பூங்காவின் இந்த வறண்ட மேற்கு மூலையில் அவருக்கு இருபத்திரண்டு வருடக் காவல் வேலை.

"இத்தனை வருஷமும் இங்க தூங்கினீங்களா?"

"வெயில்ல தூக்கம் நல்லா வரும் சார்."

இந்தப் பக்கம் கறுப்புக் காண்டாமிருகம் மிச்சமிருப்பதாக ஷிகோங்கோவுக்குத் தகவல். கிடைத்தால் படம், வரைபடத்தோடு முதல் பக்கம்.

"போன வருஷம் கிழக்குப் பக்கம் இருந்த ஒண்ணைப் படத்தோட போட்டேனே, நாடே பேசுச்சு."

"தெரியும் சார். மறு வாரம் திருட்டு வேட்டைக்காரனுங்க அதைக் கொன்னு கொம்பை அறுத்துட்டுப் போயிருந்தானுங்க. நானும் போய்ப் பார்த்தேன்."

"அதுக்குப் பத்திரிகை என்ன பண்ணும்?"

ஊய்செப் வேறு பக்கமாகத் திரும்பி நடந்தார்.

நான்கு நாட்கள் அலைந்தார்கள். காய்ந்த ஆற்றுப்படுகை வந்தால் மட்டும் ஊய்செப்புக்குத் தனிச் சுறுசுறுப்பு. கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு முன்னால் ஓடுவார். மணலைப் பெருக்கிவிட்டு, "தேள் இருக்கும் சார், இப்ப வாங்க" என்பார்.

"வழி காட்டத்தான் தெரியல. பெருக்க நல்லாத் தெரியுது. என் வீட்டுக்கு வந்துடுங்களேன், வேலை போட்டுத் தர்றேன்."

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

ஒரு புதர் பாதி கடிபட்டு நின்றது. ஷிகோங்கோ குனிந்தார். "இது என்ன?"

ஊய்செப் புதருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். "ஆடு சார்."

"பூங்காவுக்குள்ள ஆடா?"

"வழி தெரியாம வந்திருக்கும். என்னை மாதிரி."

ஐந்தாம் நாள் காலை, உதடு வெடித்து, பூட்ஸ் பிய்ந்து, ஷிகோங்கோ ஜீப்பில் ஏறினார். "இங்க ஒரு மண்ணும் இல்லைன்னு எழுதிடறேன். கூடவே, நமீபியாவுலேயே மட்டமான வழிகாட்டி யாருன்னும் எழுதறேன்."

"பேரைப் பிழையில்லாம போடுங்க சார்."

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கும்வரை ஊய்செப் அசையாமல் நின்றார். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்து, மலைக்கு அந்தப் பக்கம் காவலிருந்த ஹில்டேயைக் கூப்பிட்டார்.

"ஆள் போயாச்சு. குட்டி பால் குடிச்சுதா?"