பாறை சொன்ன நன்றி

வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் பெரியம்மாவின் பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

குடும்பத்தோடு வேன் பிடித்துக் கடற்கரைப் பக்கம் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். எல்லோர் தோளிலும் ஒரு பை. பெரியம்மாவிடம் மட்டும் இரண்டு பேர் தூக்குகிற பெட்டி. உள்ளேயிருந்து டிக் டிக்கென்று சத்தம். ஹாலில் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தையே கழற்றி எடுத்து வந்துவிட்டார்.

திரும்பும் வழியில் அவர் மகள் வீடு. அங்கேயே இறங்கிக்கொள்வதாக முடிவு. எத்தனை நாளைக்கு என்று அம்மா கேட்டாள். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போகிறவளிடம் நாள் கேட்கிறாயே என்றார் பெரியம்மா.

எல்லாம் பெரியப்பாவின் பணி ஓய்வு விழாவில் வந்த வினை. மைக்கைப் பிடித்தவர் மேலதிகாரியில் தொடங்கி, லிஃப்ட்காரர், வாட்ச்மேன், ஜெராக்ஸ் மிஷின் வரைக்கும் நன்றி சொன்னார். புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவை மட்டும் விட்டுவிட்டார்.

"அந்த ஜெராக்ஸ் மிஷினையே கட்டிக்கிட்டு அழட்டும்" என்று சொன்னதோடு பெரியம்மா அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் எல்லாம் என் வழியாகத்தான்.

"உப்பு கம்மின்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லு."

"உப்பு டப்பா எங்க இருக்குன்னு உங்க பெரியப்பாவைத் தேடிப் பாக்கச் சொல்லு."

நான் அவரவர் குரலிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். உடனே இரண்டு பேரும் என்னை அடிக்க வருவார்கள். அவர்களுக்குள் ஒற்றுமை என்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

வழியெல்லாம் பச்சை வயல், பிறகு கடல். படகில் ஏறியதும் அவர் ஒரு கோடியில், இவர் ஒரு கோடியில். பாரம் சமமாக இருக்கிறது என்று படகுக்காரருக்கு மட்டும் சந்தோஷம்.

கடைசியாக, கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெரிய பாறை. இது எதிரொலிப் பாறை, கத்தினால் திருப்பிக் கத்தும் என்றார் பெரியப்பா. பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கம்பி வேலிக்கு இடது பக்கம் படி இறங்குகிறது, கீழே குகை மாதிரி ஒரு பொந்து இருக்கிறது, அதற்குள் நின்று பேசினால் மேலே கணீரென்று கேட்கும், அதனால் அங்கே மட்டும் போய்விடாதே என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து சொன்னார்.

என்னிடம் போய் இப்படியா சொல்வது?

அடுத்த நிமிஷம் நான் பொந்துக்குள். மேலே சித்தப்பா "ஹோய்" என்றார். சித்தப்பா குரலில் ஒரு ஹோய் விட்டேன். அம்மா "யாரது" என்றாள். அம்மா மாதிரியே மூக்கால் "யாரது" என்றேன். மேலே கைதட்டல்.

பிறகு ஒரு செருமல். மைக் முன்னால் செருமுவாரே, அதே செருமல். பெரியப்பா.

"நன்றி."

"நன்றி" என்றேன், அவர் குரலில்.

"யாருக்கு?" மறுபடியும் பெரியப்பாவே.

ஒழுங்கான எதிரொலி என்றால் "யாருக்கு" என்றுதான் திருப்பிச் சொல்ல வேண்டும். நான் என்றைக்கு ஒழுங்காக இருந்தேன்?

"என் பொண்டாட்டிக்கு. முதல் ஆளா சொல்லியிருக்கணும், மறந்து தொலைச்சுட்டேன். அவ இல்லன்னா எனக்கு உப்பு டப்பா எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

தொலைந்தேன் என்று நினைத்தேன்.

அப்புறம் பெரியம்மா சிரித்தார். விழாவுக்கு முன்னால் கேட்ட சிரிப்பு.

நான் பூனை மாதிரி படியேறி வந்தபோது பெரியம்மா நேராக அவரிடமே பேசிக்கொண்டிருந்தார். "இதைச் சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு பாறை வேணுமா?"

"ம்" என்றார் பெரியப்பா, தானே சொன்ன மாதிரி.

வேனில் எனக்கு உள்ளுக்குள் ஒரே பொருமல். வசனம் என்னுடையது, தொண்டை என்னுடையது. பேர் வாங்குவது அவரா? கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா மனுஷருக்கு?

மகள் வீட்டுத் திருப்பத்தில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

"நேரா போங்க" என்றார் பெரியம்மா. "பெட்டியை இறக்க வேண்டாம்."

பெரியப்பா ஃபிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் வெந்நீர் ஊற்றி, பின்னால் திரும்பி என்னிடம் நீட்டினார்.

"குடி. தொண்டை கட்டிக்கப் போகுது."

"எனக்கு எதுக்குப் பெரியப்பா?" என்றேன், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பாறை என்னைக்குடா எதிரொலிச்சிருக்கு? எனக்கு அந்த வார்த்தை வாய்ல வராது. உனக்கு வாய் நிக்காது. ரெண்டு தடவை போகாதேன்னு சொன்னதுல, எங்கே நெஜமாவே போகாம இருந்துடுவியோன்னு பயந்துட்டேன்."