நிதானமானால் விற்கலாம்

கமிஷன் வாங்காத புரோக்கர் ஆப்களையெல்லாம் அலசி, நான்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். நீண்டகால முதலீட்டுக்கு இதை அடிச்சுக்க ஆளில்லை என்றார்கள். பதற்றத்தில் இருப்பவனைப் பங்குகளை விற்க விடாது. கை வாட்ச் வழியாக நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வாட்ச்சைக் கழற்றினால் கணக்கே திறக்காது. ஆனால் விற்ற நிமிடமே பணம் பேங்குக்கு வந்துவிடும்.

மகள் இதழினியின் கல்லூரி ஃபீஸுக்கு இன்றுதான் கடைசி நாள். விலை இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று இதுவரை விற்காமல் வைத்திருந்தேன். மூன்று மணிக்கு கவுன்ட்டர் மூடிவிடும். அவளோடு கல்லூரி வாசலில் நின்று, போனில் ஆப்பைத் திறந்து விற்கப் பார்த்தேன்.

"நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள். நிதானமானதும் விற்கலாம்."

மோர் வாங்கிக் குடித்தேன். மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மறுபடியும் அதே பதில்.

"ஃபீஸ் கட்டத்தான்டா விக்கிறேன், பாவி" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். அரைமணி நேரத்துக்குக் கணக்கைப் பூட்டிவிட்டது.

"கத்தாதீங்கப்பா. நீங்க கத்தினா அது இன்னும் விடாது" என்றாள் இதழினி.

ஷட்டர் இறங்கியது. அவள் சான்றிதழ்களை மறுபடி பைக்குள் வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். எனக்கு ஆத்திரமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அப்போது போன் மெல்ல அதிர்ந்தது.

"இப்போது நிதானமாக இருக்கிறீர்கள். விற்கலாம்."