ஷூ பெட்டி வைத்தியம்

"அந்தத் தலையணையையும் குடுங்க மாமா" என்றாள் டீச்சர். "திருட்டு இந்த வீட்டுக்குள்ளதான் நடந்திருக்கு."

மாமனார் தலையணையை இடது கையால் நீட்டினார். வலது கை காலையிலிருந்து பேண்ட் பையைவிட்டு வெளியே வரவில்லை. தோளில் மாட்டியிருந்த கைப்பையைப் பிடித்துக்கொண்டே டீச்சர் தலையணையை உதறினாள். பஞ்சுதான் பறந்தது.

காணாமல் போனது பாஸ்போர்ட். அதுவும் டீச்சருடையது. நாளைக் காலை ஏழு மணிக்கு விமானம். வெளிநாட்டுப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது அவளுக்கு. மற்ற மூன்று பேரும் அவள் விசாவில் தொற்றிக்கொண்டு போகிறவர்கள். அவள் போகாவிட்டால் ஒருத்தரும் போக முடியாது.

போவதும் லீவுக்கு இல்லை, ஒரேயடியாக. கணவன் பதினாலு வருஷ வேலையை விட்டாயிற்று. பீரோ, கட்டில் எல்லாம் விற்றாயிற்று. பீரோ நின்ற இடத்தில் தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. நாளை மத்தியானம் இந்த வீட்டுக்கு வேறு குடித்தனம் வருகிறது.

"மத்த மூணும் ஃபைல்ல பத்திரமா இருக்கு. உன்னோடது மட்டும் கால் முளைச்சு நடந்து போயிடுச்சா?" என்றான் கணவன்.

"என்னைக் கேட்டா? ஆபீஸ் கடைசி நாள்ல தேம்பித் தேம்பி அழுதது நானா, நீங்களா?"

"அடிப்பாவி! அதுக்காகப் பொண்டாட்டி பாஸ்போர்ட்டையா திருடுவேன்?"

டீச்சரின் பார்வை மகள் பக்கம் திரும்பியது. பன்னிரண்டு வயசு. தோழியைப் பிரிய மாட்டேன் என்று மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்தவள்.

"ஐயோ, நான் இல்லம்மா! எனக்கு அந்த ஸ்கூல் பசங்களைப் பிடிச்சிருக்கு. நீ கம்ப்யூட்டர்ல அவங்களுக்கு டிரையல் கிளாஸ் எடுத்தப்போ எப்படிச் சிரிச்சாங்க! ஜாலியான பசங்க."

"யாரும் சிரிக்கல! நல்லாத்தான் போச்சு" என்று டீச்சர் வள்ளென்று விழுந்தாள். "பேச்சை மாத்தாத."

மிச்சம் மாமனார். ஆறு மாசமாக "நான் எதுக்கும்மா அங்க, பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லாம" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கும் மனுஷர். போதாதற்கு அந்த வலது கை.

"மாமா, பைக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்லம்மா" என்றவர் கையை இன்னும் உள்ளே தள்ளினார். மாமனார் பையில் கைவிட்டுப் பார்க்க எந்த மருமகளால் முடியும்? மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாவம், அவருக்கு வேர்த்துவிட்டது.

"அம்மா, உன்னோட பெட்டி வைத்தியம் செய்யேன்" என்றாள் மகள்.

அது டீச்சரின் பிரசித்தி பெற்ற வைத்தியம். வகுப்பில் ஏதாவது காணாமல் போனால் காலி அறையில் ஒரு பெட்டியை வைத்துவிடுவாள். ஒவ்வொருத்தராகத் தனியாக உள்ளே போய், கதவைச் சாத்தி, முப்பது எண்ணிவிட்டு வர வேண்டும். எடுத்தவர் பெட்டியில் போட்டுவிடலாம். யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

டீச்சர் தயங்கினாள். "அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு..."

"ஊரெல்லாம் பெருமையடிச்சியே, இப்ப செய் டீச்சரம்மா" என்று கணவனே ஒரு ஷூ பெட்டியைக் கொண்டுபோய்ப் படுக்கையறையில் வைத்துவிட்டு வந்தான்.

டீச்சர் வாசலில் பரீட்சை ஹால் மேற்பார்வையாளர் மாதிரி நின்றுகொண்டாள். முதலில் கணவன் போய் வந்தான். அப்புறம் மகள். கடைசியில் மாமனார். அவருக்கு மட்டும் முப்பது எண்ண ரெண்டு நிமிஷம் ஆயிற்று.

வெளியே வந்தபோது அவருடைய வலது கை பைக்குள் இல்லை.

கணவன் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துவந்து திறந்தான். உள்ளே ரெண்டு பேட்டரி கிடந்தது. பென்சில் பேட்டரி.

"என்ன கூத்து இது?"

மாமனார் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான்ப்பா. அலாரத்துல இருந்து கழட்டினேன். காலையில எல்லாரும் தூங்கிட்டா பிளேனு போயிடும்ல."

"அப்பா! போன்ல அலாரம் இருக்கேப்பா!" மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பேத்தியும் சேர்ந்துகொண்டாள்.

"பயமா இருந்துதுடா. இவ்வளவு தூரம் வந்தப்புறம் வரலைன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றார். "இப்ப சொல்லிட்டேன். மனசு லேசாயிடுச்சு. நான் வரேன்."

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப என் பாஸ்போர்ட்டு?" என்றாள். தோளில் தொங்கிய கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் அவளை ஒரு கணம் பார்த்தார். பேட்டரிகளை எடுத்துக்கொண்டு, காலிப் பெட்டியைத் திரும்பவும் படுக்கையறையில் வைத்துவிட்டு வந்தார். அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"யாரும் ஒண்ணும் கேக்க மாட்டோம். நீயும் ஒரு தடவை உள்ள போயிட்டு வாம்மா."