காதல் பத்திரிகை

"இந்தக் குப்பையையோ வாசிக்கிறியள்?" என்று கேட்டார் தியாகராஜா.

1993. அப்டன் பார்க்கில் ஒரு தையல் தொழிற்சாலை. தேநீர் இடைவேளையில், கூட வேலை செய்யும் சீனப் பெரியவர் லியாங் தன் நாட்டிலிருந்து வந்த, அட்டையில் ஒரு ஜோடி கட்டியணைத்து நிற்கும் காதல் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார். இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"ஒரு காலத்தில உங்கட ஆக்கள் எப்பிடி எழுதினவை! வெள்ளத்தில தனியாய் அணையைக் காத்த விதவையின்ர கதை. இருபது வயசில, யாழ்ப்பாணத்து வாசிகசாலையில, தமிழில வாசிச்சு அழுதனான். இப்ப உங்கட நாட்டில சந்தையைத் திறந்துவிட்டாப் பிறகு எல்லாம் காதலும் கத்தரிக்காயும்."

"அந்தப் புத்தகம் இருக்கிறதா?" என்றார் லியாங்.

"ஓம். நாளைக்குக் கொண்டுவாறன்."

மறுநாள், அட்டையிலிருந்த விதவையின் படத்தை லியாங் வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"பதிப்பகமும் இலாபம் காட்ட வேண்டும் என்று அரசாங்கம் சொன்னதும், விற்காததையெல்லாம் பழைய தாளுக்குப் போட்டுவிட்டார்கள். எழுதிய என்னிடமே ஒரு பிரதி இல்லை."

தியாகராஜா எழுந்தே நின்றுவிட்டார். "நீங்களோ எழுதினது?"

"நான்தான். நீங்கள் திட்டிய காதல் கதையும் நான் எழுதுவதுதான். ஒரு பெண்ணின் பெயரில்."

"ஐயோ, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இந்தப் புத்தகத்தை நீங்களே வைச்சிருங்கோ."

"மன்னிப்பு எதற்கு? காதல் கதைக்கு மாதம் நூறு கடிதம் வருகிறது," என்று சிரித்தார் லியாங். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இந்தப் புத்தகத்தைப் பற்றி என்னிடம் பேசிய முதல் வாசகர் நீங்கள்தான்."